அவர் சொன்னதாக நாங்கள் எழுதுவது

"எமது வாடிக்கையாளர்களின் புன்னகையே எமது வெற்றி" என்று ஒரு கம்பெனித் தலைவர் கூறியதாகப் பேப்பரில் வந்தால், அவர் அப்படிக் கூறவே இல்லை என்று நீங்கள் தாராளமாக நம்பலாம். மாதச் சம்பளத்துக்கு இருக்கும் என்னைப் போன்ற ஒருத்தி, பிளேன்டீ ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டே அதை எழுதியிருப்பாள். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மக்கள் தொடர்புப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் பணிப்பாளர் நோயாளிகளைப் பற்றி உருக்கமாகப் பேசியதாக நான் எழுதிய அறிக்கை வெளிவந்த அன்று, மனுஷன் ஊரிலேயே இல்லை. திரும்பி வந்து பேப்பரைப் பார்த்தார். அந்த வரி பிடித்துப்போய், அடுத்த கூட்டத்திலிருந்து தானே அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார். எங்கள் தொழில் இப்படித்தான் ஓடுகிறது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் நானும் இருந்தேன்.

எங்களுக்குக் கொழும்பில் ஒரு தொழில்சார் சங்கம் இருக்கிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வந்தவர்களில் ஒருவரை வருடாவருடம் தெரிவுசெய்து, ஒரு வருட டிப்ளோமாவுக்கான முழுக் கட்டணத்தையும் புலமைப்பரிசிலாகச் சங்கமே கட்டும். வேலைக்கு வந்து ஐந்து வருடத்துக்கு உட்பட்டவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். தான் செய்த வேலைத்திட்டம் ஒன்றை ஆதாரங்களோடு எழுதி அனுப்ப வேண்டும். வெற்றி பெறுகிறவரின் வேலைத்திட்டம் சங்கத்தின் சஞ்சிகையிலும் இணையத்தளத்திலும் ஒரு வரி விடாமல் வெளிவரும். "மலைநாட்டிலிருந்தும் ஒருவர் இருந்தால் நல்லது" என்று தெரிவுக் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். யாருக்கு நல்லது என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை வெளியே காட்டாமல் வைத்திருப்பதற்குத்தான் ஆஸ்பத்திரி எனக்குச் சம்பளம் தருகிறது.

அந்த டிப்ளோமாவை லேசாக நினைக்கக் கூடாது. அது இல்லாதவர்கள் எங்கள் துறையில் உதவியாளராகவே காலம் தள்ள வேண்டியதுதான். பேனர் கட்டுவது, மைக் வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பது, நிருபர்களுக்கு ரோல்ஸ், கட்லட் என்று ஷோர்ட் ஈட்ஸ் போதுமா என்று சமையற்கட்டுக்கும் மண்டபத்துக்கும் ஓடுவது, அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டுப் படம் எடுக்கும் நேரத்தில் ஓரமாய் நிற்பது. டிப்ளோமா வந்தால் அதிகாரி. படத்தில் நிற்காவிட்டாலும், கூட்டத்தில் ஒரு கதிரை கிடைக்கும்.

அந்த வருடம் கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கொழும்பு விளம்பர நிறுவனத்துப் பையன். மற்றவள் கண்டியில் ஒரு லீசிங் கம்பெனிக் கிளையில் மக்கள் தொடர்பு உதவியாளராக இருந்த பெண். கெலிஓயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். டிப்ளோமாவை முடித்தால் அதிகாரியாக்குகிறோம் என்று அவள் கம்பெனி எழுத்திலேயே கொடுத்திருந்தது. உதவியாளர் பதவிகளை எல்லாம் கொழும்புத் தலைமையகத்துக்கு மாற்றப்போகிறார்கள், படிப்பை முடிக்காவிட்டால் அவளுக்குக் கண்டியில் இடமில்லை என்றும் பேச்சு இருந்தது. அவளுக்கு ஐந்து வருடக் கணக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. இந்த முறை விட்டால் அவ்வளவுதான். கண்டிப் பக்கத்து விண்ணப்பம் என்பதால், அதில் எழுதியிருப்பது உண்மையா என்று சரிபார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அவளுடைய வேலைத்திட்டம் பஸ்ஸைப் பற்றியது. கம்பளை வீதியில் காலையில் போகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. பாடசாலைப் பிள்ளைகள் பஸ் ஹோல்ட்டில் கூட்டமாய் நிற்பார்கள். தனியார் பஸ் அவர்களைக் கண்டதும் வேகத்தைக் கூட்டும். பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம், ஏற நேரமாகும், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு மூட்டைப் புத்தகம். இந்த லீசிங் கம்பெனியிடம் கடன் வாங்கி ஓடுகிற பஸ்கள் அந்தப் பாதையில் நிறைய. அதனால் கம்பெனியே முன்னின்று, பிள்ளைகளை ஏற்றுகிற பஸ்களுக்கு ஸ்டிக்கரும், கொண்டக்டர்களுக்கு மழைக்கோட்டும் கொடுத்திருக்கிறது. பிராந்திய முகாமையாளர் பல்லெல்லாம் தெரிய ஸ்டிக்கர் ஒட்டுகிற படம் இரண்டு பேப்பரில் வந்திருந்தது. கீழே ஒரு கொண்டக்டரின் மேற்கோள்: "ஒவ்வொரு பாடசாலைப் பிள்ளையும் நாளைய தேசத்தின் ஒளிவிளக்கு. அவர்களை ஏற்றிச் செல்வதை எமக்குக் கிடைத்த பெரும் பாக்கியமாகக் கருதுகிறோம்."

வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். விரல் இடுக்கில் நோட்டுகளைச் செருகிக்கொண்டு, மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கி, "பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க, உள்ளுக்குக் கிரிக்கெட் அடிக்கலாம்" என்று கத்துகிற ஆளா இதைச் சொன்னார்? இதுவும் என் மேற்கோள்கள் வெந்த அதே அடுப்பில் வெந்தது என்று பட்டது. ஆனாலும் சரிபார்க்கச் சொன்னால் சரிபார்க்கத்தானே வேண்டும். ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கெலிஓயா பஸ் ஏறினேன்.

கொண்டக்டரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, பேப்பரில் படம் இருந்ததே. ஐம்பது தாண்டிய மனிதர், கெலிஓயாக்காரர், தாடியில் பாதி நரை. முஸ்லிம் ஆட்களை எங்கள் பக்கத்தில் அண்ணன் என்கிற அர்த்தத்தில் நானா என்போம். கெலிஓயாவில் பஸ் திரும்புவதற்கு முன்னால் கொஞ்சம் நேரம் நிற்கும். எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் அவரை உட்கார வைத்து, நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லிவிட்டு, மேற்கோளை வாசித்துக் காட்டினேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத நான் சென்னதாமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு நானா."

"ஒளிவெளக்கா? எங்கட ஊட்டுப் புள்ளகளையே நான் அப்புடிச் செல்றதில்லயே மெடம். எங்கட ஊட்டுல ஈக்கிறது முழுக்க பியூஸ் போன பல்பு."

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் சலிப்பாகவும் இருந்தது. ஒரு நல்ல விண்ணப்பம் இப்படிக் கெட்டுப்போகிறதே என்று. "அப்ப அந்தப் பிள்ளை உங்ககிட்ட ஒண்ணுமே கேக்கலயா?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க, கேட்டாங்க. அந்த மிஸ் வந்து பொறுமையாக் கேட்டாங்க. நானும் சென்னேன். அது பேப்பருக்குச் சரிவராது."

"என்ன சொன்னீங்க?"

கடைக்காரர் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் குரலைத் தாழ்த்தினார். "மெடம், நீங்க அந்த மிஸ்ஸுக்கு நல்லது செய்யத்தானே வந்தீங்க? அப்ப செல்றேன். ஆனா இது இந்த மேசையோட ஈக்கோணும்."

சரி என்றேன். கேட்பதற்கு முன்பே சரி என்பது என் தொழிலில் செய்யக்கூடாத வேலை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. இதனால் நோகக்கூடியவர் அந்த வேலையில் இல்லாத இப்போதுதான் இதை எழுதுகிறேன்.

அவர் அவளிடம் சொன்னது இதுதான்: "நாங்க நல்லவனுங்கெல்லாம் இல்ல மிஸ். நேரம் தந்தாங்க, நிக்கிறோம்."

யார் நேரம் தந்தது? அங்கேதான் கதை இருந்தது. தனியார் பஸ் ஓடுகிற பாதையில் இடையிலே ஒரு டைம் கீப்பர் இருப்பார். சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுவார். பிந்தினால் தண்டப் பணம். பஸ் முதலாளி அதைக் கொண்டக்டரின் கைக்காசில் கழித்துவிடுவார். பின்னால் வருகிற பஸ் முந்திக்கொண்டு போய் முன்னால் உள்ள ஆட்களை அள்ளிவிடும் என்பது இன்னொரு நட்டம். ஆக, பிள்ளைகளுக்காக நிற்கிற கொண்டக்டர் அரைக் கட்டணத்தை வாங்கிவிட்டு முழுத் தண்டம் கட்ட வேண்டும். நிற்காமல் போனது கல்நெஞ்சத்தால் அல்ல.

"ஸ்டிக்கர ஒட்டிட்டு மொத நாளு நாங்க நிக்கல மெடம். பொய் செல்லக் கூடாது," என்றார். "அந்த மிஸ் ஏசல்ல. எங்கட பஸ்ஸிலேயே காலையில காலையில ஏறி, புட்போர்டுக்குப் பக்கத்துல நிண்டு பாத்தாங்க. நாங்க எந்நேரமும் மணிக்கூட்டப் பாக்குறத பாத்துட்டாங்க. ஏன் நானா மணிய பாக்குறீங்கன்னு கேட்டாங்க. இத்தன வருஷத்துல என்கிட்ட யாரும் அப்புடிக் கேட்டதில்ல."

அதன் பிறகு அவள் நேராக டைம் கீப்பரிடம் போயிருக்கிறாள். அவர் வயதான சிங்கள மனிதர், பஸ் உரிமையாளர் சங்கம் ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறது. எல்லாரும் அவரை மாத்தயா, அதாவது ஐயா, என்பார்கள். முதலில் அவர் அவளைத் துரத்திவிட்டாராம். அவள் சண்டை போடவுமில்லை, அழவுமில்லை. "உங்களுக்கு லீவு உள்ள நாளில் ஒரே ஒரு காலை எங்கள் ஹோல்ட்டுக்கு வந்து நில்லுங்கள், நான் வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று சிங்களத்தில் கெஞ்சியிருக்கிறாள். மனுஷன் வந்திருக்கிறார். அன்றைக்கு நல்ல மழை. தான் நிமிஷம் எழுதி அனுப்புகிற பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக, நனைந்துகொண்டு நின்ற பிள்ளைகள் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அடுத்த வாரத்திலிருந்து பாடசாலை நேரத்து பஸ் எத்தனை நிமிஷம் பிந்தி வந்தாலும் சரியான நேரத்துக்கு வந்ததாக எழுதத் தொடங்கிவிட்டார். கொண்டக்டர்களும் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு ஒருவரை ஒருவர் முந்துவதில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"மொதலாளிமாருக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரிஞ்சா மாத்தயாட தொழில் அண்டைக்கே போயிடும். தண்டக் காசு சங்கத்துக்குப் போற காசு மெடம். அவருக்குப் பெண்சாதியும் சொகமில்லாம ஈக்கிறா." பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் எழுந்தார். "அதனாலதான் அந்த மிஸ் நான் சென்னதப் போடல. பஸ் நிக்கத் தொடங்கின பொறகு பேப்பருக்கு ஒரு பேச்சு வேணும்னு அவங்கட மனேஜர் உசுர வாங்கினார். ஒளிவெளக்கு அப்புடித்தான் வந்தீக்கும்."

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. பேராதனைச் சந்தியில் பஸ் அசையாமல் நின்றது, அதற்கும் சேர்த்து வந்தது. முதலில் அவள் மேல் கோபம்: இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டு யாராவது ஸ்டிக்கர் படத்தை அனுப்புவார்களா? பிறகு அது கரைந்துபோய், ஒரு மாதிரியான பாசம் வந்தது. எத்தனை வருடமாய் இந்தத் துறையில் இருக்கிறேன், ஒரு கொண்டக்டர் ஏன் மணிக்கூட்டைப் பார்க்கிறார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் துறையில் வேலை என்று சொல்ல வேண்டியது இதைத்தான். நாங்கள் காட்டுவது ஸ்டிக்கர் படத்தை. அவளோ செய்ததைக் காட்ட முடியாத இடத்தில் நின்றாள். வெற்றி பெற்றால் சஞ்சிகையில் வெளிவரும். வெளிவந்தால் மாத்தயா வேலையிழந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

விண்ணப்பதாரியோடு நான் தனியாகப் பேசக் கூடாது என்பது சட்டம். பேசவில்லை. என் அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: மேற்கோள் கொண்டக்டருடைய சொற்கள் அல்ல, ஆனால் பஸ்கள் நிற்கின்றன, பிள்ளைகள் ஏறுகிறார்கள், இன்னொரு நாள் காலையில் ஹோல்ட்டில் நின்று அதை நானே பார்த்தேன். ஏன் நிற்கின்றன என்று எழுதவில்லை.

குழுவில் என்னைத் தவிர மூன்று பேர். தலைவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். தொலைபேசிக் கம்பெனியில் இருக்கும் ஒரு அம்மா, ஒழுக்கநெறி என்றால் சட்டப் புத்தகத்தை விரித்துவிடுவார். மூன்றாமவர் பஸ் அனுமதிப்பத்திரங்களோடு சம்பந்தப்பட்ட ஒரு அரச அலுவலகத்தின் ஊடக அதிகாரி. சமோசா தீர்வதற்குள் எல்லாக் கதையையும் எல்லாருக்கும் சொல்லிவிடுகிற ஆள். மாத்தயாவின் கதை இவர் காதில் மட்டும் விழவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்முகத்துக்கு முன் ஸூமில் நாங்கள் நால்வரும் பேசினோம். தொலைபேசிக் கம்பெனி அம்மா எடுத்த எடுப்பில், கற்பனை மேற்கோள் இருக்கிற விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்கே இருக்கிறவர்களில் யார், அறிக்கையில் போட்ட மேற்கோளை அந்த ஆளின் வாயால் கேட்டு எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த அம்மா சொன்னார்: "நாங்களும் எழுதுகிறோம்தான். ஆனால் அந்த ஆளுக்குக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்புகிறோம். இந்தப் பெண் கொண்டக்டருக்குக் காட்டவில்லை. பணிப்பாளர் என்றால் காட்டுவோம், கொண்டக்டர் என்றால் காட்ட மாட்டோமா?"

அது நியாயமான கேள்வி. எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்காது. ஆனாலும் அவர் சொன்னது நியாயம். கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போம் என்று தலைவர் முடித்தார்.

நேர்முகத்தில் அவரவர் தங்கள் மொழியில் பேசலாம் என்பது சங்கம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு; ஆனாலும் தமிழில் பேசுகிறேன் என்றாள். மற்ற மூவருக்கும் தமிழ் தெரியாது, அதனால் தலைவர் என்னைச் சிங்களத்தில் மொழிபெயர்க்கச் சொன்னார். திரையில் அவளை முதன்முறையாகப் பார்த்தேன். கம்பெனிச் சாரி, தலைமுடியை இறுக்கி வாரியிருந்தாள், பின்னால் அலுமாரி ஒன்றின் பாதி தெரிந்தது. நான் கெலிஓயாவுக்குப் போனதைக் கொண்டக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார் என்பது, அவள் என்னைப் பார்த்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

தொலைபேசிக் கம்பெனி அம்மா நேராகக் கேட்டார்: இந்தக் கொண்டக்டர் இதைச் சொன்னாரா?

"இல்லங்க மெடம்," என்றாள். "அத நான்தான் எழுதினேன். அவருகிட்ட காட்டவும் இல்ல. காட்டியிருக்கணும், அது என் பிழை."

அப்படியே மொழிபெயர்த்தேன்.

"அப்படியென்றால் அவர் உண்மையில் சொன்னது என்ன?"

"அத சொல்ல முடியாதுங்க மெடம்."

அந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டார். தலைவர் தவித்தார். அவருக்கு இந்தப் பெண்ணுக்குக் கொடுக்க ஆசை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. "மகள், நீங்கள் பேப்பரில் காட்டாத வேலை ஏதாவது செய்திருந்தால் இப்போது சொல்லுங்கள். நாங்கள் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம்," என்று கெஞ்சாத குறையாய்ச் சொன்னார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஊடக அதிகாரி குறுக்கே விழுந்தார். இவ்வளவு நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். "எனக்கு ஒன்று விளங்கவில்லை," என்றார். "ஸ்டிக்கர் ஒட்டினால் நிற்கிற ஆட்கள் இல்லையே இவர்கள். நின்றால் டைம் கீப்பர் தண்டம் அடிப்பானே. அதை எப்படிச் சமாளித்தார்கள்?"

மற்ற யாரும் கேட்கத் தெரியாத கேள்வி. பதிலை மட்டும் சொல்லிவிட்டால் புலமைப்பரிசில் அவளுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலைவர் அங்கேயே கை தட்டியிருப்பார். அந்த அம்மாகூட புத்தகத்தை மூடியிருப்பார். நான் அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது, அவளுக்கு ஏற்கெனவே விளங்கிவிட்டது என்று தெரிந்தும். மெதுவாகச் சொன்னேன். அவளுக்கு யோசிக்க நேரம் கிடைக்கட்டும் என்று தேவையில்லாத சொற்களையும் போட்டு இழுத்தேன்.

அவள் கீழே பார்த்தாள்.

"கொண்டக்டருங்க நல்ல மனசு வச்சாங்க சேர்," என்றாள். "வேற ஒண்ணும் இல்லைங்க. அவ்வளவுதான்."

இதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் வாயில் எத்தனையோ வார்த்தைகளைத் திணித்தவள் நான். ஒரு வரியைக் கூட்டிச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? யார் பெயரும் வராமல், யாருக்கும் விளங்காமல், "அவர் மிகவும் அடக்கமாகப் பேசுகிறார்" என்று தலைவர் பிடித்துக்கொள்கிற மாதிரி எதையாவது சேர்த்திருக்கலாம். நாக்கு நுனியில் வந்து நின்றது. ஊடக அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சொல் கூட்டினால் அவர் இன்னொரு கேள்வி கேட்பார், அந்தக் கேள்வி மாத்தயாவின் பெட்டியில் போய் நிற்கும்.

"கொண்டக்டர்கள் நல்ல மனது வைத்தார்களாம். வேறு ஒன்றும் இல்லையாம். அவ்வளவுதானாம்," என்று சிங்களத்தில் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை. அவ்வளவு வெறுத்ததும் இல்லை.

புலமைப்பரிசில் கொழும்புப் பையனுக்குப் போனது. அவன் மேல் எனக்குப் புகார் இல்லை. காது கேளாதவர்களுக்காக வங்கிகளில் அவன் செய்த வேலைத்திட்டம் நல்ல வேலை. அவன் போட்டிருந்த மேற்கோள்கள் எல்லாம் கையெழுத்தோடு இருந்தன. நான் மட்டும் அவளுக்கு வாக்களித்தேன். ஏன் என்று கேட்டார்கள். பஸ்கள் நிற்கின்றன என்றேன். அது ஒரு காரணமா என்பதுபோல் பார்த்தார்கள். கோபத்தில் தலைவரின் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் ஸூமை மூடிவிட்டேன். பிறகு போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன், பாவம் அந்த மனுஷன் என்ன செய்வார்.

முடிவு மின்னஞ்சலில் போகும். "தங்களது ஆர்வத்தைப் பாராட்டுகிறோம்" என்று தொடங்கும், எனக்குத் தெரியும், அந்த மாதிரிக் கடிதங்களை நானும் நிறைய எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. முடிவு தீர்மானமாகிவிட்டதால் பேசக் கூடாது என்ற சட்டமும் முடிந்துவிட்டது. மறுநாள் மதிய இடைவேளையில் அவளுடைய கிளைக்குப் போனேன்.

கிளைக்குப் பின்னால் ஊழியர்கள் சாப்பிடுகிற அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். சோத்துப் பார்சலைப் பிரித்து வைத்திருந்தாள், இன்னும் கை வைக்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்தாள். இருங்க இருங்க என்று நானும் எதிர்க் கதிரையில் உட்கார்ந்தேன். இந்த மாதிரி நேரத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர்மாருக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். முதலில் குடும்பத்தைப் பற்றி விசாரி, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வா என்பேன். அங்கே ஒன்றும் வரவில்லை.

"கிடைக்கலம்மா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"மாத்தயாட விஷயம் அவங்க யாருக்கும் தெரியாதுதானே மெடம்?"

"தெரியாது."

"அந்த சேர் மறுபடி எதாவது கேட்டாரா?"

"இல்ல. மறந்தே போயிட்டார்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் மூச்சு விட்டாள். தோள் இரண்டும் இறங்கின. ஏதோ பெரிய நல்ல செய்தி வந்ததுபோல் ஒரு சின்னச் சிரிப்புக்கூட வந்தது. தண்ணீர்ப் போத்தலை எனக்கு நீட்டினாள், குடிங்க மெடம், வெயிலுக்குள்ள வந்திருக்கீங்க என்றாள். நான் வாங்கிக் குடித்தேன். அவள் சோத்துப் பார்சலின் தாளை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீ செஞ்சதுதான் வேலை," என்றேன். "அவங்க கொடுத்தாலும் கொடுக்காட்டியும்." சொல்லும்போதே அது அறிக்கையில் வருகிற வரி மாதிரி இருந்தது. எரிச்சலில் நிறுத்திக்கொண்டேன்.

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. சிரிப்பு அப்படியே இருக்க, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"எனக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சு மெடம்," என்றாள்.